இருபத்து மூன்று ஓட்டு

எங்கள் காலனிக்குச் சுடுகாடு தனி, தண்ணீர்த் தொட்டி தனி, ஓட்டுச்சாவடியும் தனி. முதல் இரண்டும் ஏன் தனி என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவதற்கு மட்டும் காரணம் சொன்னார்கள். ஊருக்குள் போய் ஒரே வரிசையில் நின்றால் சண்டை வருமாம். உங்கள் பள்ளிக்கூடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். வசதிதான். ஆனால் சீட்டில் முத்திரை குத்திய காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்துவிட்டு எண்ணுவார்களாம். இப்போது ஒவ்வொரு மெஷினையும் தனியாகத் திறக்கிறார்கள். அது ஆளைக் காட்டிக்கொடுக்காது, தெருவைக் காட்டிக்கொடுத்துவிடும். ரகசிய வாக்கெடுப்பு என்று எட்டாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்று காலையில் கலையரசி தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தாள். தொகுப்பு வீட்டின் கூடம் முழுவதும் தறிதான். அதைச் சுற்றி மிச்சமிருக்கும் இடத்தில்தான் படுக்கை, பீரோ, துணிமூட்டை எல்லாம். ஜூன் மாத வெயில் முன்னால் இறக்கிய தகரக் கொட்டகை வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் போட்டால் பட்டு இழை பறக்கும் என்பதால் போடவில்லை. கழுத்தில் ஈரத்துண்டு. நெய்துகொண்டிருந்தது மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை வைத்த கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் ஒற்றை ஆளால் ஓட்ட முடியாது. கரை இழையைக் கொண்டுபோகும் நாடாக் கட்டையைத் தள்ள, இடது பக்கம் மகள் கனிமொழி உட்கார்ந்திருந்தாள். செய்யாறு காலேஜில் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள், வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. ஒரு கையில் நாடா, மடியில் போன்.

"யம்மா, எல்லா எடத்துலயும் ஒலக்கக் கட்சிதான். ஆரணியும் ஒலக்கதான். கூடை ரெண்டாவது கூட வராது போலகீது."

"நாடாவ பாத்து தள்ளு. இழ அறுந்துடும்."

"டில்லியில யாருன்னுதான் தெரியல. ரெண்டு பக்கமும் நாங்கதான்னு சொல்லிகினு கீறாங்க."

"டில்லியில எவன் வந்தா இன்னா, எவன் போனா இன்னா. உங்கப்பன் வருவானே, அத்த சொல்லு."

துரை கூடைக் கட்சியின் கிளைச் செயலாளர். விடியும் முன்பே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்சி ஏஜெண்டாக எண்ணுகிற இடத்துக்குப் போயிருந்தான். அவனைக் கட்சிக்குக் கூட்டிப்போனது ஹேமநாத். ஆரணி டவுனில் பட்டுக் கடை வைத்திருக்கிற, கூடைக் கட்சியில் பெரிய பொறுப்பில் இருக்கிற முதலாளி. பதினைந்து வருஷத்துக்கு முன்பு வரை எங்கள் தெருவில் தறியே கிடையாது. நாற்று நடவு, கரும்பு வெட்டு, செங்கல் சூளை, அவ்வளவுதான். டவுனில் நெசவுக்காரர் பிள்ளைகள் படித்துவிட்டு பெங்களூருக்குப் போனதும், ஹேமநாத் காலனியில் தறி இறக்கினார். தறி அவருடையது, மேலே தொங்கும் டிசைன் பெட்டி அவருடையது, பட்டும் ஜரிகையும் அவருடையது. எங்கள் ஆட்களுக்கு அது பெரிய விடுதலையாகத்தான் இருந்தது. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, ஊர்க்காரன் வரப்பில் நின்று கைதட்டிக் கூப்பிடாத வேலை. அதை இல்லை என்று சொல்லக் கூடாது.

மத்தியானம் போன் அடித்தது. கனிமொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாமே பண்ணிகினு கீற?" துரையின் குரல் ஓட்டை டிரம்முக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"சேல ஓட்டிகினு கீறேன். சாப்டியா?"

"சாப்பாடு கெடக்குது. நம்ம மெஷின தொறந்துட்டாங்க."

கலையரசி மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"இருபத்தி மூணு," என்றான் துரை.

"எதுக்கு?"

"கூடைக்கு. இருபத்தி மூணே இருபத்தி மூணு. மீதி முந்நூத்துச் சொச்சமும் ஒலக்கைக்கு. மொதலாளி பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தாரு. எம்மூஞ்சிய ஒருவாட்டி பாத்தாரு, எழுந்து போயிட்டாரு. செருப்பால அடிச்சிருந்தாக்கூட தேவலமே."

போன் நின்றுபோனது. கலையரசி மறுபடி மிதித்தாள். பெட்டி ஏறி இறங்கியது. கனிமொழி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. இத்தனை நாளும் தான் ஒருத்திதான் மாற்றிப் போட்டோம் என்று கலையரசி நினைத்துக்கொண்டிருந்தாள். தெருவே போட்டிருக்கிறது. ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாய் திறக்கவில்லை.

அவள் உலக்கைக்குப் போட்டதற்கு உலக்கைக் கட்சி காரணமில்லை. பங்குனியில் கூடை வேட்பாளர் திறந்த வண்டியில் காலனிக்கு வந்தார். பெண்கள் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு. கலையரசி தறியைப் போட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றாள். வேட்பாளர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. குனிந்து, "இங்க எப்படிண்ணே?" என்று ஹேமநாத்தைக் கேட்டார். ஹேமநாத் சிரித்துக்கொண்டே அந்தப் பெண்கள் வரிசையைக் காட்டி, "தறி நம்முளுது, தறி மேல கீற கையும் நம்முளுதுதான். கவலப்படாதீங்க," என்றார். வண்டி நகர்ந்தது. ஆரத்தித் தண்ணீரை அவள் காலடியிலேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சித்திரையில் மெஷின் முன்னால் நின்றபோது அவள் எந்தச் சின்னத்தையும் பற்றி யோசிக்கவில்லை. கூடை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அதை விட்டு விரலை நகர்த்தினாள்.

சாயங்காலம் துரை வந்தான். களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எவ எவ போட்டாள்னு தெரியணும். வூடு வூடா போயி கால்ல உழுந்தேனே. எல்லாளும் சிரிச்சிகினே தல ஆட்டனாளுங்க. அந்த முனியம்மா இன்னா சொன்னா? 'எம்பா, நீ நிக்கிறப்ப வேற எங்க போடுவோம்'னா!"

"களி ஆறுது."

"இருபத்தி மூணுல நம்ம வூட்டுது ரெண்டு. உன்னுது, என்னுது. கனிமொழிக்கு இன்னும் பேரு வரல. எங்க அண்ணன் வூட்ல நாலு. ஆறு ஆச்சா? மீதி பதினேழு எவன்னு தெரிஞ்சா அவனுங்களுக்கு மால போடுவேன்."

கலையரசி குழம்பை ஊற்றினாள். கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் வந்தது. அவன் கவனிக்கவில்லை. கனிமொழி கவனித்தாள்.

மறுநாள் பச்சையப்பன் வந்தான். ஹேமநாத்தின் மேஸ்திரி. ஒரு டிவிஎஸ் வண்டியில் தெருத்தெருவாகப் போய் எந்தத் தறியில் சேலை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்ப்பவன். வழக்கமாக உள்ளே வந்து சேலையைத் தடவிப் பார்ப்பான், தண்ணீர் மட்டும் கேட்க மாட்டான். அன்று வண்டியை நிறுத்தவேயில்லை. என்ஜின் ஓட, ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"காலனிக்கு இனிமே பாவு கெடையாது. தறியில கீறத ஜல்தியா முடிச்சி, அடியோட அறுத்துக் கொண்டாரச் சொல்லிட்டாரு மொதலாளி. எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன். அப்புறம் மேஸ்திரி சொல்லலன்னு பேசாதீங்க."

வாசலில் கூடியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பாவு, அதாவது சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல், இல்லை என்பது முன்பும் கேட்ட பேச்சுதான். மழைக்காலத்தில், வியாபாரம் படுத்த மாதங்களில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் அடியோட அறு என்று யாரும் சொன்னதில்லை. ஒரு பாவு முடிந்து கடைசிச் சேலையை அறுக்கும்போது, ஒரு சாண் நூலை, இழைகள் கோத்திருக்கும் அச்சிலேயே விட்டுத்தான் அறுப்பார்கள். அடுத்த பாவு வந்ததும் அந்தத் தொங்கலோடு புது இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். அந்த ஒரு சாண் இருக்கிற வரைக்கும் தறி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடியோடு அறுத்தால் அச்சு மொட்டை. அடுத்து வண்டி வந்து தறியைப் பிடுங்கிப் போகும்.

"எம்பா பச்சையப்பா," என்றாள் முனியம்மா. தெருவில் பாவு பிணைக்கிறவள் அவள்தான். விரல் நுனியில் சாம்பல் தொட்டுத் தொட்டு, கட்டைவிரல் ரேகை அழிந்துபோய், ரேஷன் கடை மெஷினில் கை விழாமல் மாதாமாதம் பேஜார் படுகிறவள். "அடியோட அறுத்துட்டு நாங்க இன்னா, ஒங்க மொதலாளி வூட்ல பூஜ பண்றதா?"

"கூடைக்குப் போட்டிருக்கணும். போட்டிருந்தா பாவு வந்திருக்கும்."

"நாங்க போட்டமா போடலயான்னு நீ எட்டிப் பாத்தியா?"

"மெஷின் பாத்துச்சு யக்கா." பச்சையப்பன் வண்டியைத் திருப்பினான்.

அதற்கப்புறம் நான்கைந்து நாள் தெரு எப்படி இருந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கம் சாயங்காலமானால் மேகம் கூடும், இடிக்கும், பெய்யாமல் கலையும். புழுக்கத்தில் பாவு தளர்ந்து தொங்கியது. சேலையை முடித்துவிட்டால் அறுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் மெதுவாக நெய்தார்கள். காலையில் இரண்டு முழம் ஓட்டுகிறவர்கள் அரை முழத்தில் எழுந்துவிட்டார்கள். தறிச் சத்தம் அடங்கிய தெருவில் குழாயடிப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எனக்கென்னமோ மேலத்தெருக்காரிங்க மேலதான் சந்தேகம்."

"ஏன், ஒங்க வூட்டு ஆளு மட்டும் கூடைய தலயில தூக்கி வச்சிகினு போயி போட்டானா?"

"நான் கூடைதான் போட்டேன். எம்புள்ளைங்க மேல சத்தியம்."

"அய்ய, சத்தியம் பண்ற மூஞ்சப் பாரு!"

எண்ணினால் அந்த வாரத்தில் எங்கள் தெருவில் கூடைக்குச் சத்தியம் செய்யாதவர் யாருமில்லை. துரை மட்டும் எதற்கும் சத்தியம் செய்யவில்லை. அவன்தான் உண்மையாகவே போட்டவன்.

பிறகு ஒரு நாள் கனிமொழி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "யம்மா, இத்த பாரேன்." படத்தில் ஹேமநாத் உலக்கைக் கட்சித் துண்டு போட்டுக்கொண்டு, ஆள் உயர மாலைக்குள் நின்றிருந்தார். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவன் ராஜ்குமார். ஊர்க்காரன், உலக்கையின் ஒன்றியத்து ஆள். ஓட்டுப்போட்ட அன்று அவன் சாமியானாப் பந்தலைச் சாவடிக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டிருந்தான். துரை அதிகாரியிடம் சொல்லி போலீசை விட்டுப் பிரிக்கவைத்தான். எல்லார் முன்னாலும் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது ராஜ்குமார், "உன்ன அப்புறம் வச்சிக்கிறேண்டா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

படத்தைப் பார்த்த முனியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட கூடைய கவுத்துட்டு ஒலக்கைய எடுத்துகினாரே! அப்ப நாமதான் மொதல்ல போயி எடம் புடிச்சி வச்சிருக்கோம் அவருக்கு."

"சிரிக்காத யக்கா," என்றாள் கலையரசி. "நமக்கு இதுல இன்னா வரப்போவுதோ."

துரை படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த கூடைக் காலண்டரைக் கழற்றி, நான்காக மடித்து, பீரோ அடியில் தள்ளினான்.

மூன்று மணி வெயிலில் வண்டிகள் வந்தன. முன்னால் ஹேமநாத்தின் கார், பின்னால் ராஜ்குமாரும் அவன் ஆட்களும். பச்சையப்பன் தெருவெல்லாம் ஓடி எல்லோரையும் தண்ணீர்த் தொட்டியண்டை கூட்டினான். ஹேமநாத் இந்த முறை வண்டியைவிட்டு இறங்கி மண்ணில் நின்றார். கைகூப்பினார்.

"எல்லாருக்கும் வணக்கம். பச்சையப்பன் ஏதோ ரெண்டு வார்த்த முன்ன பின்ன பேசிட்டானாம். மனசுல வச்சிக்காதீங்க. பாவு எல்லாருக்கும் உண்டு. நாளைக்கே வரும்."

கூட்டத்தில் ஒரே மூச்சாகப் பெருமூச்சு. ஒரு பெண் அழுதேவிட்டாள்.

ஹேமநாத் ராஜ்குமாரின் தோளில் கைபோட்டார். "தம்பி, நான் அந்தக் கட்சியில இருந்தேனே தவிர, மனசு இங்கதான் இருந்துச்சு. வெளிய சொல்ல முடியல. என் ஆளுங்ககிட்ட மட்டும் ரகசியமா சொல்லிட்டேன், ஒலக்கைக்குப் போடுங்கன்னு. நீயே மெஷினப் பாத்தியே. இந்தக் காலனி ஓட்டு அத்தினியும் நான் குடுத்தது. தலைவர்கிட்ட அத்த சொல்லு."

கலையரசி கனிமொழியின் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியதில் கனிமொழிக்கு வலித்தது.

"அதெல்லாம் சரிண்ணே," என்றான் ராஜ்குமார். அவன் ஹேமநாத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து துரையிடம் நின்றான். "நீங்க சொல்லியும் இருபத்தி மூணு விழுந்துகீதே கூடைக்கு. அது யாருது?"

"அது கெடக்கு, நாலு களிசடைங்க…"

"யாருன்னு தெரியணும்ண்ணே. எங்க கட்சிக்கு வர்றீங்க. எங்களுக்கு வேண்டாதவன் ஒங்க தறியில ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? அவனுங்க தறிய எடுத்துட்டு எங்க ஆளுங்களுக்குக் குடுங்க."

ஹேமநாத் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துடுவோம். அதுல இன்னா." கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அவ்வளவுதான்பா. யாரு கூடைக்குப் போட்டதுன்னு நீங்களே சொல்லிடுங்க. மத்தவங்களுக்குப் பாவு."

முனியம்மாதான் முதலில் பேசினாள். "நான் ஒலக்கதான். எங்க வூட்ல அஞ்சும் ஒலக்க." சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் பேச்சு நிற்கவில்லை, ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நாங்களும் ஒலக்க. எங்க வூட்லயும். எங்க மாமியாருக்குக் கண்ணு தெரியாது, நான்தான் கூட்டினு போயி ஒலக்கைக்கு அமுக்கவச்சேன். போன வாரம் கூடைக்குப் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவர்கள், அதே பிள்ளைகள் மேல் உலக்கைக்குச் சத்தியம் செய்தார்கள். துரையின் அண்ணன், தம்பி முகத்தைப் பார்க்காமல், "எங்க நாலும் ஒலக்க," என்றார்.

ராஜ்குமார் துரையிடம் வந்து நின்றான். "இன்னா ஏஜெண்டு. நீ?"

துரையின் உதடு இரண்டு தரம் அசைந்தது. சத்தம் மூன்றாம் தரம்தான் வந்தது. "நானும்… ஒலக்கதான்."

ராஜ்குமாரின் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "கட்சிக்குக் கிளைச் செயலாளராம், ஓட்டு நமக்காம்!" துரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதம் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தியவன், ஒரே ஒரு ஓட்டை உண்மையாகப் போட்டவன், அதையும் தன் வாயாலேயே தின்றான்.

"அப்ப இருபத்தி மூணும் பேயா வந்து போட்டுச்சு?" ராஜ்குமார் குரலை உயர்த்தினான்.

ஹேமநாத்துக்குச் சலிப்பு வந்துவிட்டது. வெயிலில் துண்டால் கழுத்தைத் துடைத்தார். தெருவில் நல்ல கை என்று அவருக்குத் தெரிந்த ஒருத்தியைக் கண்டு, அவளை வைத்து இதை முடித்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். "நீ சொல்லும்மா கலையரசி. கோர்வையில உன்ன மாதிரி ஓட்ட ஆள் கெடையாது. நீ நான் சொன்ன மாதிரிதான போட்ட?"

"ஆமாங்க," என்றாள் கலையரசி. "நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன்."

"பாத்தியா தம்பி."

"கூடைக்குப் போட்டேன்."

துரை தலையை நிமிர்த்தினான்.

"நீங்கதாங்க பங்குனியில வண்டியில வந்தீங்க. கூடைக்குப் போடச் சொன்னீங்க. ஆரத்தி எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். இங்க நிக்கிற எல்லாரும்தான் கேட்டாங்க." அவள் தொட்டியண்டை நின்றவர்கள் பக்கம் கையைக் காட்டினாள். "ரகசியமா எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலிங்க. யாருகிட்டயும் சொல்லல. ஒலக்கைக்குப் போட்டவங்க அவங்களா போட்டாங்க. அத்த உங்க கணக்குல சேக்காதீங்க."

அவள் ஓட்டு உலக்கையில் விழுந்தது என்பது அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கனிமொழி யூகித்திருந்தாள். வாயைத் திறக்கப்போன மகளின் காலை அம்மா அழுத்தி மிதித்தாள்.

ஹேமநாத்தின் முகம் சிவந்தது. ராஜ்குமார் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முன்பிருந்த மரியாதை இல்லை. "ரகசியமா சொன்னேன்னீங்களே அண்ணே," என்றான், மெல்ல.

"அவ பொய் சொல்றா. புருஷனும் பொண்டாட்டியும் சேந்துகினு… பச்சையப்பா! இவ தறிய இன்னிக்கே எடுத்துடு. அடியோட அறுத்துட்டு எடு!"

பச்சையப்பன் நகர்ந்தான். துரை அவன் குறுக்கே போவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. கலையரசி தானாகவே வீட்டை நோக்கி நடந்து, கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். முனியம்மா இரண்டடி அவள் பக்கம் எடுத்துவைத்தாள். ராஜ்குமாரின் ஆட்களில் ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கியதும் நின்றுவிட்டாள்.

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பட்டு அறுபடும்போது பெரிதாகச் சத்தம் வராது. அன்று தெரு அத்தனை அமைதியாக இருந்தது.

ராஜ்குமார் தொட்டித் திண்டில் சாவகாசமாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

"ஒண்ணு ஆச்சு," என்றான். "மீதி இருபத்தி ரெண்டு?"

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் திரும்பி நடந்து சந்தேகத்தில் மாட்டுகிறவர் யார் என்று, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.